குருக்கத்திப்பாளையம் பழையபடிக்குத் திரும்பியது

குருக்கத்திப்பாளையத்துக்கு அப்டேட் வந்தது பங்குனி மாதத்தில், மாரியம்மனுக்குப் பூச்சாட்டிக் காப்புக் கட்டிய மறுநாள் காலையில். வருகிறேன் என்று அது சொல்லவில்லை, வரலாமா என்று யாரையும் கேட்கவுமில்லை. ஒருவேளை கேட்டிருக்கலாம், பஸ் ஸ்டாண்டுச் சுவரில் ஏதோ அறிவிப்பு இருந்ததாகவும் அதன்மேல் யாரோ கண்ணீர் அஞ்சலி போஸ்டரை ஒட்டிவிட்டதாகவும் பிற்பாடு பேசிக்கொண்டார்கள். ஏரியிலிருந்து கிளம்பிய வெள்ளைக் கொக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக ஊருக்கு மேலே வட்டமிடத் தொடங்கின, அவை சுற்றிய நேரமெல்லாம் ஊரில் எதுவும் ஓடவில்லை, கறந்த பால் மடிக்கும் சொம்புக்கும் நடுவில் நின்றது, பாவு சுற்றியவர் தூக்கிய கையோடு நின்றார், டவுன் பஸ் பாலத்தின் மேல் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது, மதியம்போல் கொக்குகள் களைத்துப்போய் ஏரிக்குத் திரும்ப, பால் சொம்பில் விழுந்தது, பஸ் பாலத்தைத் தாண்டியது. நடந்தது அவ்வளவுதான்.

மாறியது என்ன என்று கேட்டால் பெரிதாக ஒன்றுமில்லை, எல்லாமும்தான். வலது பக்கம் திறந்த கதவுகள் இடது பக்கம் திறந்தன, வீட்டு மூலைகள் எல்லாம் வளைந்துபோனதால் பீரோக்கள் சுவரோடு ஒட்டாமல் நட்டநடுவில் நின்றன, உப்பு ஜாடி இருந்த இடத்தில் சர்க்கரை ஜாடி இருந்தது, கடைகளின் பெயர்ப் பலகையில் எழுத்துப் போய்ப் படம் வந்தது, ஊசி போட்டிருந்ததை ஆஸ்பத்திரி என்று நினைத்துப் போனவர்கள் தையல்காரரிடம் கையை நீட்டினார்கள். சலூனைக் காணவே காணோம். பால் சொசைட்டிக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் அசையாமல் நின்றால் அது மெல்லத் தோன்றும் என்பதை ஒரு தாடிக்காரர்தான் தற்செயலாகக் கண்டுபிடித்தார். டீக்கடையில் டீ கேட்டால் "உறுதியாக வேண்டுமா?" என்று மாஸ்டர் ஒருமுறை கேட்டுக்கொண்டுதான் ஆற்றினார், ஆத்திரத்தில் கெட்ட வார்த்தை சொல்ல வாயைத் திறந்தவர்களுக்கு "மன்னிக்கவும், ஏதோ தவறு நேர்ந்துவிட்டது" என்றுதான் வந்தது, அதைக் கேட்டு எதிராளிக்கு இன்னும் கோபம் ஏறியது.

இதற்கெல்லாம் ஊர் பழகிவிட்டது, மனிதன் எதற்குத்தான் பழகமாட்டான். பழக முடியாமல் போனது இரண்டு. ஒன்று, விசைத்தறிகள் சத்தம் இல்லாமல் ஓடின. தறிச் சத்தத்தில் பிறந்து தறிச் சத்தத்தில் தாலி கட்டித் தறிச் சத்தத்தில் பாடையேறுகிற ஊர் அது, சத்தம் நின்றால்தான் விழித்துக்கொள்ளும், ஆகவே அன்றிலிருந்து ஊரில் ஒருவருக்கும் பொட்டுத் தூக்கமில்லை, இழை அறுந்தது காதில் விழாமல் நெய்தவர்கள் வேட்டியில் சன்னல் வைத்து நெய்தார்கள். இன்னொன்று, வடக்குப் பார்த்திருந்த அம்மன் கிழக்குப் பார்த்துவிட்டாள், போதாக்குறைக்கு எல்லோரையும் ஒரே மாதிரி பார்த்துச் சிரித்தாள். முன்பெல்லாம் அவள் முறைப்பாள். முறைக்கிறவளிடம் சண்டை போட்டாவது எதையும் கேட்டு வாங்கலாம், சிரித்துக்கொண்டே இருப்பவளிடம் என்னவென்று போய் அழுவது என்று பெண்கள் திரும்பி வந்தார்கள். திருவிழாவுக்கு அம்மன் எதிரில் கம்பம் நட வேண்டிய இடம் இப்போது அவளுடைய முதுகுப் பக்கம் கிடந்தது.

சென்னியப்பனுக்கு இந்தக் குறை எதுவும் பெரிதாகப் படவில்லை. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தவர் அவர், சாதிச் சான்றிதழுக்கு விண்ணப்பம் போடுவது, கல்யாணப் பத்திரிகை அடிப்பது, படுத்துவிட்ட கம்ப்யூட்டரை எழுப்பி உட்கார வைப்பது எல்லாம் அவரது வேலை. அவருக்கும் ரேணுகாதேவிக்கும் கல்யாணமாகி வெகுகாலமாகக் குழந்தை இல்லை, ஏறாத மலையில்லை, பார்க்காத டாக்டரில்லை, கடைசியில் இரண்டு பேரும் அந்தப் பேச்சையே விட்டுவிட்டார்கள். கொக்குகள் ஏரிக்குத் திரும்பிய அந்த மதியம், மாவு சலித்துக்கொண்டு நின்ற ரேணுகா சல்லடையைக் கீழே வைக்கக் குனிந்தபோது குனிய முடியவில்லை. வயிறு நிறைமாதமாக இருந்தது.

ஊர் இதை டீக்கடைக் கேள்வியை எடுத்துக்கொண்டது போலவே எடுத்துக்கொண்டது. ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் தொட்டுப் பார்த்துவிட்டு, "மாசம் ஆயிருச்சே, இத்தினி நாளு எங்கீங்க போயிருந்தீங்க?" என்று திட்ட முயன்று மன்னிப்புக் கேட்டாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் அவசரமாக வளையல் வாங்கி வந்து மறுநாளே வளைகாப்புப் போட்டார்கள், அதற்கு மறுநாள் பெண் குழந்தை பிறந்தது, "இந்த அப்டேட்ல வந்ததுல உருப்படி இது ஒண்ணுதான்" என்று சொல்லிச் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைத்தார்கள். உப்பு ஜாடி இருந்த இடத்திலிருந்து எடுத்ததால் அது சர்க்கரையாகவே இருந்தது. சென்னியப்பன் குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டு அழுதார், அப்புறம் சிரித்தார், கடையைத் திறக்கவே மறந்துபோனார். ஒலியில்லாத ஊரில் பிறந்த குழந்தை, ஊரே விழித்திருக்க, தான் மட்டும் நிம்மதியாகத் தூங்கியது.

பழைய ஊர் எங்கும் போய்விடவில்லை. மூடிக்கிடந்த அரிசி மில்லுக்குள் அது அடுக்கி வைக்கப்பட்டிருந்தது. சன்னல் வழியாக எட்டிப் பார்த்தால் வலது பக்கம் திறக்கிற கதவுகள் வரிசையாகச் சாத்தியிருப்பதும், தெருக்கள் வேட்டி மாதிரி மடித்திருப்பதும், மூலையில் தறிச் சத்தம் மூட்டை மூட்டையாகக் கட்டிக் கிடப்பதும் தெரியும். இரண்டு ஊரை ஓர் ஊருக்குள் வைத்திருந்ததால் இடம் நெருக்கியது, எதிரெதிரே இரண்டு சைக்கிள் போக முடியவில்லை, மூச்சு விட்டால் பக்கத்து வீட்டுக்காரர் மேல் பட்டது. சில நாளில் மில் சுவரில், தேர்தலுக்கு வெள்ளையடித்து எழுதுவார்களே அந்த மாதிரி, நீல எழுத்து வந்தது: பழையபடிக்குத் திரும்ப விரும்புவோர் இங்கே கை வைக்கவும். பத்து நாளைக்குள். அதன்பின் பழையது தானாக அகற்றப்படும். முன்பிருந்தவை அப்படியே இருக்கும். இடையில் சேர்ந்தவை இருக்காது.

ஊர் கோயில் மைதானத்தில் கூடியது. கொத்துக்காரர் நாச்சிமுத்து நடுவில் உட்கார்ந்தார். கோயில் காரியங்களை முன்னின்று நடத்துகிறவர், ஊருக்காகக் கட்டிய காப்பு அவருடைய மணிக்கட்டில் மஞ்சளாக இருந்தது. திரும்புவதா வேண்டாமா என்ற பேச்சே எழவில்லை, தூக்கமில்லாதவர்களிடம் பேச்சுக்கு ஏது பொறுமை. யார் கை வைப்பது என்பதுதான் பேச்சு.

"ஊர்ல ஆளுக்கொரு வேல இருக்குது. கம்பம் வெட்டறவன் கம்பம் வெட்டோணும், கரகம் எடுக்கறவன் கரகம் எடுக்கோணும்," என்றார் நாச்சிமுத்து. "போட்டத எடுத்துப் பழசாக்கறது உன்ற வேல, சென்னியப்பா. நீதான் கை வெக்கோணும்."

சென்னியப்பன் எழுந்தார். ஆயுளில் தீட்டு என்று எதையும் பார்த்தவரில்லை அவர், இப்போது அதைத்தான் இறுகப் பிடித்துக்கொண்டார்.

"எனக்குத் தீட்டுங்க. எங்கூட்ல புள்ள பொறந்துருக்குது. அம்மனுக்குன்னு செய்யற காரியத்துல நான் கை வெக்கக் கூடாதுங்க."

கூட்டம் அடங்கியது. அது நியாயம். பத்து நாளும் இப்படியே ஓடிவிடும், மில் தானாகக் காலியாகிவிடும், குழந்தை இருந்துவிடும் என்று அவருக்கு நெஞ்சு லேசானது. அப்போது பெருமாயி மகன் பூசாரி கிட்டான், கெடுதல் நினைக்கத் தெரியாத மனுஷன், தாடையைச் சொறிந்துகொண்டே சொன்னார்:

"திரும்பிப் போற ஊர்ல அந்தப் புள்ளையே இல்லீங்களே. இல்லாத புள்ளைக்கு ஏதுங்க தீட்டு?"

ஆமாமா, அதுதானே, என்று கூட்டம் தலையாட்டியது. நேற்று அந்தக் குழந்தையை ஆளுக்கு ஆள் வாங்கிக் கொஞ்சியவர்கள்தான் அத்தனை பேரும், அவர்கள் கொஞ்சியதும் பொய்யில்லை, இப்போது தலையாட்டியதும் பொய்யில்லை.

மறுநாள் நாச்சிமுத்து தனியாகக் கடைக்கு வந்தார். ஸ்டூலைத் துடைத்துப் போட்டதும் உட்கார்ந்து, காப்புக் கட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தபடி சொன்னார்.

"எங்கூட்டு உள் கதவு கீல் ஒண்ணு கிரீச்சுன்னு கத்தும், கேட்டிருக்கறயா? என்ற சம்சாரம் இருக்கறப்ப எண்ணெய் போடுங்க, எண்ணெய் போடுங்கன்னு சொல்லிட்டே இருப்பா. போடாமயே அவ போய்ச் சேந்துட்டா. அப்பறம் அந்தச் சத்தம் கேக்கறப்பெல்லாம் அவதான் சமையக்கட்டுக்குப் போறான்னு நெனச்சுக்குவேன். இப்பக் கதவு வாயே தொறக்கறதில்ல." அவர் மூக்கைத் துடைத்தார். "புள்ளையும் கதவும் ஒண்ணான்னு நீ கேப்ப. ஒண்ணில்ல. எனக்குத் தெரியாதா? ஆனா ஊரே தூங்காமக் கெடக்குது, சென்னியப்பா. நீ மாட்டேன்னா பக்கத்தூரு மெக்கானிக்கக் கூட்டியாறேங்கறாங்க. அவன் எப்படிப்பட்டவன்னு உனக்கே தெரியும்."

தெரியும். எதைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் உள்ளே இருப்பது மொத்தத்தையும் வழித்துப்போட்டுவிட்டுப் புதிதாக ஏற்றித் தருகிறவன் அவன். சென்னியப்பனுக்குக் கிழவர்மேல் கோபப்பட ஆசையாக இருந்தது, வரவில்லை.

தொழிலில் அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. அப்டேட் ஒத்துவரவில்லை, எடுத்துவிடுங்கள் என்று வருகிற யாரிடமும் அவர் முதலில் கேட்பது, "வேணுங்கறத வெளிய எடுத்து வெச்சாச்சுங்களா?" அதெல்லாம் உள்ளேயே பத்திரமாக இருக்கும் என்று சொன்னவர்கள் எல்லோரும் பின்னால் அழுதவர்கள்தான். வெளியே என்றால் வெளியே, அதே பெட்டிக்குள் இன்னொரு மூலை வெளியே ஆகாது. வெளியே வைத்ததற்கு ஒன்றும் ஆகாது, பிறகு உள்ளே கொண்டுவந்துகொள்ளலாம். ஒரே ஒரு சங்கடம், பழையபடிக்குத் திரும்பிய பெட்டிக்கு இடையில் நடந்தது எதுவும் நினைவிருக்காது, வெளியே வைத்தது தன்னுடையது என்றே அதற்குத் தெரியாது.

இதை அவர் ரேணுகாவிடம் சொன்னபோது அவள் குழந்தைக்குத் தலை துவட்டிக்கொண்டிருந்தாள்.

"ஊரு எல்லைக்கு அக்கட்டால இவ இருக்கோணும். அப்பத்தான் இவளுக்கு ஒண்ணும் ஆகாது."

"நானும் கூடவே போயிர்றனுங்க."

"நீ அக்கட்டால நின்னா, நீ இன்னிக்கு இருக்கற மாதிரியே இருந்துக்குவ. நான் உள்ள பழைய ஆளாயிருவேன். புள்ளையோட நீ வந்து நின்னா நான் என்னன்னு நெனைப்பேன்? அதுமில்லாமக் காப்புக் கட்டுன ஊரு, பொங்க முடியறவரைக்கும் நீ எல்லை தாண்ட முடியாது."

"இக்கட்டால நின்னா?"

"இவள உனக்கும் தெரியாது."

ரேணுகா துண்டைக் கீழே வைத்தாள். "பெத்த புள்ளையத் தெரியாமப் போயிருமா எனக்கு?" என்றவள், தெரியாமல் போய்விடும் என்பது புரிந்து, சத்தமில்லாத அந்த ஊரில் சத்தமில்லாமல் அழுதாள். கொஞ்ச நேரம் கழித்து, "தெரியாட்டி நான் என்ன பண்றதுங்க?" என்று கேட்டாள்.

"கைய மட்டும் விட்றாத," என்றார் சென்னியப்பன்.

கெடுவின் கடைசி நாள் காலை மில்லுக்கு முன்னால் ஊர் கூடியபோது அவர் நாச்சிமுத்துவின் முன்னால் போய் நின்றார்.

"ஒண்ணு கேக்கோணுங்க. எனக்குத் தீட்டு இல்லைன்னு சொன்னீங்க. அப்பப் புள்ளையும் இல்லைன்னுதானுங்களே அர்த்தம்? இல்லாத புள்ள எல்லை தாண்டுனாக் காப்புக்குக் குத்தம் ஆகுதுங்களா?"

கிட்டான் மறுபடியும் தாடையைச் சொறிந்தார். குற்றம் உண்டு என்றால் குழந்தையும் உண்டு, தீட்டும் உண்டு, சுவரில் கை வைக்க ஆளில்லை.

"ஆகாது," என்றார் நாச்சிமுத்து கடைசியில். "ஆனாத் தாயி இருக்கறாளே, அவ தாண்டக் கூடாது."

"அவ தாண்ட மாட்டாங்க. அவ கைதானுங்க தாண்டும்."

கிழவர் தன் மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், மஞ்சள் கயிற்றை விரலால் ஒருமுறை சுற்றினார். "காப்பு என்ற கையிலதான் இருக்குது, அவ கையில இல்ல," என்றார். "கை தாண்டட்டும். காலு தாண்டக் கூடாது."

ரேணுகா எல்லைக்கல்லுக்கு இந்தப்புறம் மண்ணில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள், இரண்டு கையையும் நீட்டிக் கல்லுக்கு அந்தப்புறம் குழந்தையை ஏந்திக்கொண்டாள், கை கடுக்குமே என்று ஒருத்தி மடித்த சாக்கை முழங்கைக்குக் கீழே வைத்துவிட்டுப் போனாள். சென்னியப்பன் அங்கே வந்து குழந்தையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். தொட்டால் விடமாட்டோம் என்று பயந்து தொடாமல் மில்லுக்குத் திரும்பினார்.

கை வைப்பதற்கு முன் சுவர் ஒரு கேள்வி கேட்டது: ஏன் திரும்ப விரும்புகிறீர்கள்? கீழே கட்டம் கட்டமாகக் காரணங்கள் எழுதியிருந்தன, எதைத் தொடுவது என்று ஊர் அரை மணி நேரம் சண்டை போட்டது, தூக்கம் என்றார்கள், அம்மன் என்றார்கள், இடித்துக்கொண்ட மூக்கைப் பிடித்துக்கொண்டு பீரோ என்றார் ஒருவர். சென்னியப்பன் கடைசிக் கட்டத்தைத் தொட்டார், அதில் 'வேறு காரணம்' என்று இருந்தது. இன்னும் கொஞ்சம் பழகிப் பார்க்கலாமே என்று சுவர் கேட்டது, பார்க்கத்தான் ஆசை என்று நினைத்துக்கொண்டே வேண்டாம் என்பதைத் தொட்டார். பிறகு ஈரம் காயாத சுண்ணாம்பின் மேல் உள்ளங்கையை முழுசாக வைத்தார். கொக்குகள் ஏரியிலிருந்து எழும்பி, இம்முறை எதிர்ப்பக்கமாகச் சுற்றத் தொடங்கின.

அவை இறங்கியதும் ஊரில் இருந்த தறிகள் அத்தனையும் ஒரே நேரத்தில் இரைந்தன, ஏதோ ஒரு வீட்டில் ஒரு கதவு கிரீச்சென்று கத்தியது, டீக்கடையில் ஒருவர் இன்னொருவரை அம்மா அக்கா என்று வரிசையாக மனசாரத் திட்டினார். யாருக்கும் எதுவும் நினைவில்லை. தினசரிக் காலண்டரில் பல தாள்கள் கிழிபடாமல் இருந்தன. மறந்துவிட்டோம் போல என்று மொத்தமாகக் கிழித்துப் போட்டார்கள், உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிப்போனார்கள். சென்னியப்பன் மில் சுவரில் கையை ஊன்றி நின்றிருந்தார், வெறும் சுவர், இங்கே எதற்கு வந்தோம் என்று புரியாமல் சுண்ணாம்புக் கையைத் துடைத்துக்கொண்டு நடந்தார். எல்லைக்கல்லிடம் கும்பலாக இருந்தது.

ரேணுகா மண்ணில் உட்கார்ந்திருந்தாள். கைகள் கல்லைத் தாண்டியிருந்தன, கைகளில் ஒரு குழந்தை வீறிட்டு அழுதது.

"யாரு புள்ள இது?" என்று கேட்டார் சென்னியப்பன்.

"தெரியலீங்க." அவள் முகமெல்லாம் வேர்த்திருந்தது. "நான் எதுக்கு இங்க வந்தேன்னும் தெரியல. கீழ வெக்கலாம்னு பாக்கறேன், கை விட மாட்டேங்குதுங்க."

கூட்டம் நாலு திசையும் பார்த்தது, பெற்றவள் யாரும் ஓடிவரவில்லை. காப்புக் கட்டியிருக்கும் நாளில் எல்லையில் கிடைத்தது அம்மன் கொடுத்தது என்றார் நாச்சிமுத்து, எடுத்த கை எதுவோ அதுதான் தாய் என்றும் சொன்னார். அதிகாரிகளிடம் முறைப்படி அலைய வேண்டியது இருந்தது, காப்பு அவிழ்த்ததும் அலையலாம், ஊரே சாட்சி சொல்லும் என்றார்கள். வளர்க்கிற வீட்டுச் சாயல் பிள்ளைக்கு வரும் என்பார்கள், இந்தப் பிள்ளைக்கு வந்தபோதே வந்திருக்கிறது என்று ரேணுகாவின் மூக்கையும் குழந்தையின் மூக்கையும் பார்த்து வியந்தார்கள். ரேணுகாவுக்குப் பால் சுரந்தது; ஆசைப்பட்டு ஏங்கினவர்களுக்குச் சில சமயம் அப்படி வரும் என்று நர்ஸ் சொன்னாள். குழந்தைக்கு மட்டும் தறிச் சத்தம் ஆகவில்லை. ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் அந்தச் சத்தத்தில்தான் தூங்கும், இது மட்டும் காது கிழிய அழும், ஆகவே தினமும் மதியத்தில் ரேணுகா அதைத் தூக்கிக்கொண்டு எல்லைக்கல்லுக்குப் போய்த் தூங்கவைத்துக் கூட்டிவந்தாள்.

பொங்கல் வைக்கும் நாள் வந்தது, ஊர் முழுவதும் கோயிலுக்குள் போயிற்று. சென்னியப்பன் புது வேட்டி கட்டிக்கொண்டு வந்தார், வாசல் வரைக்கும் வந்தார், அதற்கு மேல் கால் எழவில்லை. கிட்டான் கை நிறையத் திருநீற்றோடு வெளியே வந்து பார்த்தார்.

"ஏனுங்க அங்கயே நின்னுட்டீங்க? உள்ள வாங்க."

"எனக்குத் தீட்டுங்க சாமி."

"எடுத்து வளத்தற புள்ளைக்குத் தீட்டெல்லாம் ஏதுங்க," என்று சிரித்தார் கிட்டான். "சும்மா வாங்க, அம்மன் ஒண்ணும் சொல்ல மாட்டா."

சென்னியப்பன் உள்ளே பார்த்தார். வடக்குப் பார்த்த அம்மன், விளக்கு வெளிச்சத்தில், பழையபடி அவரையே முறைத்துக்கொண்டிருந்தாள். ஏன் அப்படிச் சொல்கிறோம் என்று அவருக்கு விளங்கவில்லை, அந்தச் சொற்களை எப்போதோ ஒருமுறை எல்லோர் முன்னாலும் சொல்லியிருக்கிறோம் என்பதும் விளங்கவில்லை, ஆனாலும் வாசலைத் தாண்டாமல் அங்கேயே நின்று சொன்னார்.

"இல்லீங்க சாமி. எங்கூட்ல புள்ள பொறந்துருக்குது."